ஜெயராஜ் தந்த முகங்கள்

எழுத்தாளர் சுஜாதாவின் துப்பறியும் கதைகளில் வரும் வக்கீல்கள் கணேஷும் வசந்தும் எப்படி இருப்பார்கள் என்று நம் வகுப்பில் யாரைக் கேட்டிருந்தாலும் பத்திரிகை ஓவியர் ஜெயராஜ் வரைந்த முகங்களைத்தான் சொல்லியிருப்பார்கள். சுஜாதா ஆளை வர்ணிப்பதில் அதிகம் நிற்க மாட்டார், நாலு வரி வசனத்தில் கதை பறந்துவிடும். 1968இல் குமுதத்தில் வந்த ‘நைலான் கயிறு’ தொடரில் கணேஷ் அறிமுகமானபோது கிடைத்தது ஒரு கெட்டிக்கார வக்கீல், அவ்வளவுதான். அப்புறம் வசந்தும் சேர்ந்துகொள்ள, ஜெயராஜ் அவர்களை வரைய வரையத்தான் அந்தத் தலைமுடியும், சட்டைக் காலரும், அலட்சியமாக நிற்கும் தோரணையும் வந்தன. விடுதி அண்ணன்மார் பலர் அப்படியே முடி வளர்த்தார்கள்.

வாரப் பத்திரிகை விடுதிக்கு வந்தால் முதலில் படத்தைத்தான் பார்ப்போம். கதையைப் படிக்குமுன்பே யார் சாகப்போகிறார் என்று சண்டை தொடங்கிவிடும். ஓவியரின் திறமையே அங்கேதான் இருந்தது. ஒரு அத்தியாயத்தில் சரியான கணத்தைப் பிடிக்க வேண்டும், முடிச்சையும் அவிழ்த்துவிடக் கூடாது. இதை எழுத்துக்குக் குறைந்த கலை என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தமிழ்வாணனின் துப்பறியும் நாயகன் சங்கர்லால் வேறு மாதிரி. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் ஆசிரியரின் அடையாளம். ஆனால் எங்களில் பலருக்குச் சங்கர்லாலே அந்தக் கோலத்தில்தான் மனத்தில் உலவினார்.

காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியையும் விட முடியாது. 1962இல் இங்கிலாந்தின் வேலியண்ட் இதழில் தொடங்கிய தொடர், 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும். ஆளே இல்லாத கட்டத்தில் ஒற்றைக் கையை வைத்துப் பயம் காட்டிய ஸ்பானிய ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோவின் பெயர் அன்று எங்கள் யாருக்கும் தெரியாது.

நம் வீடுகளில் அம்மாக்கள் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்து வைத்திருந்தார்கள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தபோது மணியம் வரைந்த வந்தியத்தேவனை அப்படித்தான் நான் பார்த்தேன். பின்னாளில் புத்தகமாக வந்த தொடர்கதைகள் பலவற்றில் படங்களே இல்லை. ஆகவே ஊருக்குப் போகும் நண்பர்கள் பரணில் பழைய பைண்ட் எதையாவது கண்டால், செல்லரிக்குமுன் படப் பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்புங்கள். மூலையில் இருக்கும் ஓவியரின் கையெழுத்து விடுபட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த மலரில் பெயரோடு போடுவோம்.