வைரவர் கோஷ்டியும் ஒரு சைக்கிள் டைனமோவும்

பழைய மாணவர் சங்க மலர்க் குழுவினர் "விடுதி வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கோ" என்று கேட்டபோது உடனே தலையாட்டிவிட்டேன். பிறகுதான் யோசித்தேன். பரிசளிப்பு விழா, இல்ல விளையாட்டுப் போட்டி, பெரிய மட்ச் எல்லாவற்றையும் என்னைவிட வடிவாக எழுதக்கூடியவர்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒரு பாட்டுக் கசெற்றின் கதை. அதுவும் சியாற்றில் நகரத்து றொக் கோஷ்டி ஒன்றின் கசெற். ஆசிரியர் வேண்டாமென்றால் வெட்டிவிடட்டும்.

1993ஆம் ஆண்டு. நாங்கள் ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சை எடுக்க இருந்த வருடம். 1990 நடுப்பகுதியோடு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போய்விட்டிருந்தது. ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. பற்றறி தடைசெய்யப்பட்ட சாமான்; எங்காவது ஒன்று கிடைத்தாலும் அதன் விலைக்கு ஒரு வாரம் சாப்பிடலாம். அதனால் ரேடியோ கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவை ரயரோடு அழுத்திவிட்டு, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். செய்தி கேட்கும் நேரம் ஒழுங்கைக்கு ஒழுங்கை அந்த 'ர்ர்ர்' சத்தம் கேட்கும். அந்தக் காலத்தில் அங்கிருந்த எவருக்கும் இது புதினமில்லை. பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

எங்கள் அறையில் நாங்கள் மூன்று பேர். ஒருவன் இப்போது லண்டனில். "என்ர பேரைப் போட்டியெண்டா சங்கக் கூட்டத்தில தலைகாட்டேலாது" என்று சொல்லிவிட்டான். ஆகவே அவன் இங்கே சக்கரத்தான். மற்றவன் கசெற்காரன். அவனுடைய அண்ணன் ரொறன்ரோவில் இருந்தார். அவர் அனுப்பிய பார்சல் கொழும்புக்கு வந்து, யாரோ ஒரு சொந்தக்காரரின் பையில் கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்து எங்களிடம் வந்து சேர்ந்தது. இரண்டு சேட், ஒரு கல்குலேற்றர், ஒரு கசெற். கசெற்றின் ஒரு பக்கம் முழுக்க இளையராஜா. மற்றப் பக்கத்துக்கு அண்ணன் நீலப் பேனையால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: ரெம்பிள் ஒஃப் த டோக்.

"நாயின் கோயிலா?" என்றேன்.

"வைரவரடா!" என்றான் சக்கரத்தான். "ஒழுங்கை முடக்கில இருந்த மனிசன் அமெரிக்காவுக்கும் போட்டார்."

அன்றிலிருந்து எங்களுக்கு அவர்கள் வைரவர் கோஷ்டி.

டைனமோவிலிருந்து நேரே வயரை இழுத்துக் கசெற் பெட்டிக்குக் கொடுக்க முடியாது. கசெற்காரன் பௌதிகத்தில் புலி. பழுதான ரேடியோ ஒன்றிலிருந்து நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் கழற்றி, தணலில் காய்ச்சிய கம்பியால் ஈயம் வைத்து, ஒரு மட்டைத் துண்டில் ஒட்டிவிட்டான். சக்கரத்தானின் வேலை சுற்றுவது. ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். கை தளர்ந்தால் மோட்டரும் தளரும், ஜானகி அம்மா ஆம்பிளைக் குரலுக்கு இறங்கிவிடுவார்.

மறுபக்கத்தில் ஒரு பாட்டு. 'ஹங்கர் ஸ்ட்ரைக்.' உண்ணாவிரதம் என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். எங்கள் வயதில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். 1987 செப்ரெம்பரில் நல்லூர் வீதியில் திலீபன் தண்ணீரும் குடிக்காமல் பன்னிரண்டு நாள் கிடந்ததைப் பத்து வயதில் வரிசையில் நின்று பார்த்தவர்கள் நாங்கள். வெள்ளைக்காரனும் பந்தல் போட்டுப் படுத்திருக்கிறான் என்று நினைத்துத்தான் முதல்முறை பயபக்தியோடு கேட்டோம். பாட்டு வேறு சங்கதி. இல்லாதவனின் வாயிலிருந்து பிடுங்கி என் வயிற்றை நிரப்பமாட்டேன், அதைவிடப் பட்டினி கிடப்பேன் என்கிற பாட்டு. அது விளங்க எனக்குப் பல வருடம் பிடித்தது.

அன்றைக்குப் பிரச்சினை வேறு. பாட்டு தடித்த, கீழ்க் குரலில் தொடங்குகிறது. பிறகு அதே வரிகள் நன்றாக மேலே ஏறிய குரலில் திரும்ப வருகின்றன.

"டேய், தொடக்கத்தில தூங்கிறாய். வடிவாச் சுத்தடா" என்று நான் கத்தினேன்.

சக்கரத்தான் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பச் சுற்றினான். திரும்பவும் முதலில் கீழே, பிறகு மேலே. மூன்றாம் முறையும் அப்படியே. அவனுக்கு ஏச்சு. "கையைக் கழட்டித் தாறன், நீயே சுத்து" என்று பெடலை விட்டுவிட்டு எழும்பிவிட்டான்.

கசெற்காரன் மட்டும் பேசாமல் பெட்டியோடு காதை வைத்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "கிற்றார் இறங்கேல்லை. குரல் மட்டும் எப்பிடியடா இறங்கும்? ரெண்டு பேர் பாடுறாங்கள்."

கல்லூரியில் படித்த பௌதிகம் முழுவதிலும் எனக்கு இன்றைக்கும் மறக்காதது அந்த ஒரு வாக்கியம்தான்.

அந்த நேரம் பார்த்து விடுதிக்குப் பொறுப்பான சேர் வந்தார். கொஞ்சம் நின்று கேட்டார். "நாட்டில கத்திறது காணாதெண்டே இதையும் போட்டுக் கேக்கிறியள்?" என்றார். கசெற்றைப் பறிக்கவில்லை. மறுபக்கம் இளையராஜா இருப்பது அவருக்குத் தெரியும். அடுத்த சனிக்கிழமை அவரே வந்து கேட்டார்.

அந்த இரண்டு குரலும் யாருடையவை என்பதை நான் கனடாவுக்கு வந்த பிறகுதான் அறிந்தேன். மேலே போகிறவர் கிறிஸ் கோர்னெல், சவுண்ட்கார்டன் கோஷ்டியின் பாடகர். அவரோடு ஒரே வீட்டில் அறை எடுத்து இருந்தவர் அன்ட்ரூ வூட். மதர் லவ் போன் என்ற கோஷ்டியில் பாடியவர். 1990 மார்ச் 19இல் ஹெரோயின் அவரைக் கொண்டுபோனது. வயது 24. அறைத் தோழன் போன துக்கத்தில் கோர்னெல் இரண்டு பாட்டு எழுதினார். அதைப் பதிவுசெய்ய, வூட்டோடு வாசித்த ஸ்ரோன் கொஸார்டையும் ஜெஃப் அமென்டையும் கூப்பிட்டார். மைக் மெக்ரெடி கிற்றாருக்கும் மற் கமரன் டிரம்ஸுக்கும் வந்தார்கள். இரண்டு பாட்டு பத்துப் பாட்டாகியது. பதினைந்து நாளில் இசைத்தட்டு முடிந்தது. கோஷ்டியின் பெயர்கூட வூட் எழுதிய ஒரு பாட்டு வரியிலிருந்து எடுத்தது. வைரவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அறிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கீழ்க் குரல் எடி வெடர். சான் டியேகோவிலிருந்து வேறொரு கோஷ்டிக்குப் பாடிப் பார்க்க வந்திருந்த புதுமுகம். ஒத்திகையில் ஒரு மூலையில் இருந்தாராம். கோர்னெல் ஒரே ஆளாக மேலும் கீழும் பாடி இழுபடுவதைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே எழும்பிப் போய்க் கீழ்ப் பகுதியைப் பாடினாராம். அவர் வந்து சேர்ந்த கோஷ்டிதான் பிறகு பேர்ள் ஜாம் ஆனது. 1991 ஏப்ரலில் இந்த இசைத்தட்டு வெளிவந்தபோது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. பேர்ள் ஜாமும் சவுண்ட்கார்டனும் உலகம் முழுக்கப் பிரபலமான பிறகு, 1992இல் கம்பனி தூசு தட்டித் திரும்ப எடுத்தது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அதனால் இவர்களைச் 'சூப்பர் குறூப்' என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. அது நட்சத்திரங்கள் கூடிச் செய்த வேலையில்லை. செத்த வீட்டுக்கு வந்தவர்கள் கதிரை அடுக்கியதைப் போன்றது.

1990 கடைசியில் அவர்கள் சியாற்றிலில் வாசித்ததோடு சரி. ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்ததே இல்லை. இசைத்தட்டுக்கு இருபத்தைந்து வயதானதை ஒட்டி 2016 நவம்பரில்தான் முதன்முதலாகச் சுற்றுப்பயணம் என்று அறிவித்தார்கள். ஃபிலடெல்ஃபியா, நியூயோர்க், சன் பிரான்சிஸ்கோ, லொஸ் ஏஞ்சலிஸ், கடைசியாகச் சொந்த ஊர். ஐந்து நகரம்தான். நான் இருப்பது வன்கூவரில். சியாற்றில் மூன்று மணி நேர ஓட்டம். முதல் நாள் ரிக்கற் கண்மூடித் திறக்க முடிந்துவிட்டது. பிறகு சேர்த்த இரண்டாம் நாளுக்கு, நவம்பர் 21க்கு, மேல்மாடத்தில் ஓர் இருக்கை கிடைத்தது. வீட்டுக்காரி விலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததுதான் பயம்.

எல்லையில் அதிகாரி எங்கே போகிறாய் என்று கேட்டார். சொன்னேன். என் முகத்தைப் பார்த்தார், கடவுச்சீட்டில் பிறந்த இடத்தைப் பார்த்தார். "எடி வருவாரா?" என்று கேட்டார். எல்லோருக்கும் அந்த ஒரு கேள்விதான். சுற்றுப்பயணத்தில் வெடர் இல்லை. ஆனாலும் சொந்த ஊரில், கடைசி இரவில், எப்படியும் ஏறிவிடுவார் என்று சனம் நம்பிக்கொண்டிருந்தது.

நேரத்தோடு போய்விட்டதால் டிஸ்கவரி பார்க்குக்குப் போனேன். அந்தப் பாட்டின் வீடியோவை அங்கேதான் எடுத்தார்கள். காட்டுப் பாதையால் நல்ல தூரம் இறங்கி நடந்தால் கடற்கரையில் ஒரு சின்ன வெளிச்சவீடு. மழைத் தூறல். நாயோடு உலாவிய ஒரு கிழவரைத் தவிர வேறு ஆளில்லை. வைரவரும் வாகனமும் என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்கப் பக்கத்தில் யாரும் இல்லை.

பரமவுண்ட் தியேட்டர் 1928இல் திறந்த மண்டபம். உள்ளே கோயில் மண்டபத்தைப் போல் பொன் பூச்சு. மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த சனம், பெரும்பாலும் என் வயது. அரைவாசிப் பேருக்கு மூக்குக்கண்ணாடி. இசைத்தட்டுப் பாட்டுகளோடு வூட்டின் மதர் லவ் போன் பாட்டுகள், லெட் செப்பலின், பிளாக் சபத், அந்த வருடம் இறந்துபோன டேவிட் போவி என்று நீண்டுகொண்டே போனது. மெக்ரெடியின் கிற்றாரைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம், மலரில் இடமில்லை. கோர்னெலுக்கு 52 வயது. குரல் ஏற வேண்டிய இடத்துக்கெல்லாம் ஏறியது.

பிறகு அந்தப் பாட்டு. முதல் கிற்றார் அடி விழுந்ததும் சனம் மேடையின் இரண்டு ஓரத்தையும் பார்த்தது. வெடர் வரவில்லை. கீழ்க் குரலைச் சனமே எடுத்துக்கொண்டது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு சுருதியில், எல்லோரும் பிழையாக. நானும் பாடினேன். என் பக்கத்து இருக்கைப் பெண் என் தொடையைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தாள். குனிந்து பார்த்தால் என் வலக்கை தொடைக்கு மேலே காற்றில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரே வேகத்தில்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது கசெற் கசெற்காரனிடம்தான் இருந்தது. நாவற்குழிப் பாலத்துச் சன நெரிசலில் நாங்கள் விலகினோம். அதற்குப் பிறகு அவனைப் பற்றிச் சக்கரத்தானுக்கும் எனக்கும் ஒரு தகவலும் இல்லை. இந்த மலர் யார் யார் கைக்கோ போகும் என்பதால் இதையும் எழுதிவைக்கிறேன்.

கச்சேரி முடிந்து கார்த் தரிப்பிடத்தில் நின்று லண்டனுக்கு அடித்தேன். அங்கே விடியக்காலை. "வைரவர் கோஷ்டியைப் பாத்திட்டன்ரா" என்றேன். சக்கரத்தான் நித்திரைக் கலக்கத்தில் யோசித்தான். "எனக்கு அந்தப் பாட்டு ஒண்டும் ஞாபகமில்லை மச்சான். கை நொந்தது மட்டும் ஞாபகம்" என்றான். எனக்குச் சரியான கோபம். வைத்துவிட்டேன்.

ஆறு மாதம் போனது. 2017 மே 18ஆம் திகதி, டெட்ரோயிற்றில் சவுண்ட்கார்டன் கச்சேரி முடிந்த அந்த இரவிலேயே கோர்னெல் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. வேலைக்குப் போகாமல் சமையலறையில் இருந்தேன். சக்கரத்தானிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு தகவல்.

"செத்தது ஆர், கீழ்க் குரலோ மேல்க் குரலோ?"

மேல்க் குரல் என்று எழுதினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது:

"அப்ப நான் வடிவாச் சுத்தேக்க பாடினவன்."