டீசல் யாருடையது?

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிளியரிங் வேலை பழகியவன் நான். சரக்குக்குக் காகிதம் எழுதத் தெரிந்தவன் எந்த நாட்டு எல்லையிலும் பிழைத்துக்கொள்வான் என்று அங்கே சொல்வார்கள். எனக்கு அது தெற்கு சூடான் தலைநகர் ஜூபாவில் பலித்தது. அங்கே ஐ.நா. அமைதிப்படைக்கும் நிவாரண அமைப்புகளுக்கும் எரிபொருள் கொண்டுபோகும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் டாக்குமெண்டேஷன் பார்த்தேன்.

கடல் இல்லாத நாடு. மொம்பாசாவில் இறங்கும் சரக்கு கென்யா, உகாண்டா வழியாக 1,500 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வர வேண்டும். நிமுலே எல்லையிலிருந்து ஜூபா வரை தார்ச்சாலை உண்டு. அதற்கு அப்பால் பெரும்பாலும் மண்பாதைதான். மழை பிடித்துவிட்டால் பல மாதங்களுக்கு லாரி போகாது; மழைக்கு முன்பே உள்முகாம்களுக்கு டீசலைச் சேர்த்தாக வேண்டும். முகாமில் விளக்கு, குடிநீர் சுத்திகரிப்பு, ஆஸ்பத்திரி, ரோந்து வண்டி எல்லாமே அதை நம்பித்தான் ஓடுகின்றன.

அமைதிப்படை என்றால் நீலத் தொப்பியும் துப்பாக்கியும்தான் நினைவுக்கு வரும். பக்கத்தில் இருந்து பார்த்தால் அது பெரிய குடும்பத்தின் மளிகைக் கணக்கு மாதிரி. நாட்டின் வடக்கே பென்டியு நகரை வெள்ளம் சூழ்ந்தபோது கரையைக் காத்தது பாகிஸ்தான் பொறியியல் பிரிவு. இன்னொரு வடக்கு நகரமான மலக்காலில் வைத்தியம் பார்த்தவர்கள் இந்திய ராணுவ டாக்டர்கள். 2022இல் மொத்தப் படைக்கும் தளபதியாக வந்தவர் லெப்டினன்ட் ஜெனரல் மோகன் சுப்பிரமணியன். சொந்த எல்லையில் முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு ராணுவங்களும் எங்கள் விநியோகப் பட்டியலில் அடுத்தடுத்து வரும். எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

இந்தச் சரக்குக்குச் சுங்கவரி கிடையாது. 2011இல் நாடு பிறந்த கையோடு அரசும் ஐ.நா.வும் அப்படித்தான் ஒப்பந்தம் செய்துகொண்டன. வரிவிலக்குக் கடிதம், பில் ஆஃப் லேடிங் என்கிற கப்பல் சரக்குச் சீட்டு, வேறு நாடு வழியாகக் கடந்துபோவதற்கான டிரான்சிட் பத்திரம் மூன்றும் ஒத்துப்போனால் லாரி நகரும். ஒரு எழுத்து மாறினாலும் நிற்கும். அதுவரைக்கும் என் வேலை துறைமுகத்தில் பார்த்த அதே வேலைதான்.

2024இல் நிலைமை மாறியது. பக்கத்து நாடான சூடானில் போர். தெற்கு சூடானின் எண்ணெயைச் செங்கடலுக்குக் கொண்டுபோகும் முக்கியக் குழாய் பிப்ரவரியில் அங்கே உடைந்தது. அரசு வருமானத்தில் சுமார் 90 சதவீதம் எண்ணெயிலிருந்து வருவது. அரசு ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. கஜானா காய்ந்தால் அரசு முதலில் பார்ப்பது எல்லைச் சாவடியைத்தான். மின்னணுச் சரக்குக் கண்காணிப்பு, பாதுகாப்புத் துணை, எரிபொருள் என்று புதிய கட்டணங்கள் வந்தன. ஐ.நா. மறுத்தது. எரிபொருள் லாரிகள் நின்றன.

இந்தக் கட்டணங்களால் அமைதிப்படை மிஷனுக்கு மாதம் 3,39,000 டாலர் செலவாகும் என்று ஐ.நா. கணக்குச் சொன்னது. படையின் பட்ஜெட் ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல். அதோடு ஒப்பிட்டால் இது சில்லறைதான். ஆனால் நின்றுபோனது சில்லறைச் சமாச்சாரம் இல்லை. சாலை எட்டாத ஊர்களுக்கு விமானத்திலிருந்து உணவு போடுவது எரிபொருள் இல்லாமல் நின்றது. 60,000 பேருக்கு உணவு போகவில்லை. மே முடிவதற்குள் அது 1,35,000 ஆகும் என்று ஐ.நா. எச்சரித்தது. மே மாதத் தொடக்கத்தில் அரசு இறங்கிவந்து, ஐ.நா. மீதான கட்டணங்களை நீக்கியது. ஒப்பந்த நிறுவனங்களின் சேவைக்கு மட்டும் வரி உண்டு என்றது.

ஒப்பந்த நிறுவனம் என்றால் நாங்கள்தான். எங்கள் ஒப்பந்தப்படி முகாம் தொட்டியில் ஊற்றி, மீட்டர் பார்த்து, கையெழுத்து வாங்கும்வரை டீசல் நிறுவனத்துடையது. அதுவரை அது ஐ.நா. சரக்கா, லாபத்துக்கு விற்கும் வியாபாரிச் சரக்கா? கடிதம் ஒன்றைச் சொல்லும், இன்வாய்ஸ் இன்னொன்றைச் சொல்லும். அரசின் வாதத்தை என்னால் முழுசாகத் தள்ள முடியவில்லை. லாபம் சம்பாதிக்கிறவன் வரி கட்டட்டும் என்பதில் என்ன தப்பு? ஆனால் அந்த வரியை எங்கள் லாபத்தின் மேல் போட்டிருக்க வேண்டும். எல்லையில் லாரியின் மேல் போட்டால் அது விலையில் ஏறிவிடும். கணக்குப் பிரிவில் இருந்த, எங்கள் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்காரர் ஒருவர் நறுக்கென்று சொன்னார்:

"தம்பி, நம்ம கையிலருந்தா கட்டப்போறோம்? பில்லுல ஏத்திட்டா முடிஞ்சுது."

"மிஷன் ஒத்துக்கணுமே, அண்ணாச்சி."

"ஒத்துக்கிடும். இல்லன்னா ரெண்டு ரோந்தக் குறைச்சுக்கிடும்."

அவர் சொன்னதுதான் நடைமுறை. அமைதிப்படைக்கான பணத்தை உறுப்பு நாடுகள் பங்கு போட்டுத் தருகின்றன. ஆண்டு பட்ஜெட் நியூயார்க்கில் முடிவாகிவிடும். நிமுலேயில் கட்டணம் ஏறியது என்று உடனே கூட்டித் தரமாட்டார்கள். எங்கேயாவது ஒன்று குறையும்.

எங்களுக்காவது குரல் கொடுக்க ஐ.நா. இருந்தது. ஜூபாவின் கோன்யோ கோன்யோ சந்தைக்கு உகாண்டாவிலிருந்து வெங்காயமும் மக்காச்சோள மாவும் கொண்டுவருகிற பெண்களுக்கு யார் இருந்தார்கள்? தெற்கு சூடான் 2016இல் கிழக்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பில் சேர்ந்தது. உறுப்பு நாட்டில் விளைந்த பொருளுக்குச் சுங்கவரி கூடாது என்பது கூட்டமைப்பின் விதி. விதி இருந்தும், வழிநெடுகச் சோதனைச் சாவடிகளில் வெவ்வேறு பெயரில் பணம் வாங்குவார்கள். வெங்காயம் அழுகும், ஆகவே பேரம் பேசாமல் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பணம் மறுநாள் சந்தை விலையில் இருக்கும். அதைக் கொடுத்து வாங்குகிறவர்களில் சம்பளம் வராத சுங்க ஊழியரின் வீட்டாரும் உண்டு.

அடுத்த டெண்டரில் அண்ணாச்சி அந்தக் கட்டணத்துக்கென்று தனியாக ஒரு கட்டம் போட்டார். நிறுவனத்தில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.