குதிகால் ஒட்டியிருக்கிறதா?

மகனுக்கு நான்கு வயது நிறைந்த வாரம் அது. அங்கன்வாடியில் அளவெடுத்தார்கள். 94.2 செ.மீ. செயலியில் ஏற்றியதும் மஞ்சள் நிறம் காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி நான்கு வயதுப் பையனின் உயரம் 94.9-க்குக் கீழே போனால் குள்ளத்தன்மை, நடுமதிப்பு 103.3. அன்று ராத்திரி வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

படுத்த பிறகுதான் அவன் நின்ற விதம் ஞாபகம் வந்தது. கூட்டத்தைப் பார்த்துப் பயந்து, என் முந்தானையைப் பிடித்தபடி முழங்காலை மடக்கித்தான் நின்றிருந்தான். அடுத்த வாரம் கூட்டமில்லாத நேரமாகப் போய், "டீச்சர், இன்னொரு தடவை அளந்து பாருங்களேன்" என்று கேட்டேன். முகம் சுளிக்காமல் அளந்தார். செருப்பைக் கழற்றி, குதிகால், பின்புறம், தோள்பட்டை, பின்தலை எல்லாம் பலகையில் படும்படி நிறுத்தினார். ஆயாம்மா கீழே உட்கார்ந்து இரண்டு முழங்காலையும் கையால் அழுத்திக்கொண்டார். பார்வை நேராக வந்ததும் டீச்சர் மேல்கட்டையை உச்சந்தலையில் படிய இறக்கினார். 95.7. இன்னொரு முறையும் அதே அளவு. இடது மேற்கையின் நடுப்பகுதிச் சுற்றளவு 14 செ.மீ.; அபாயக் கோடு 12.5 என்பதால் அதில் பயமில்லை.

உயரத்தில் 94.9 என்ற கோட்டைத் தாண்டிவிட்டான், ஆனால் கொஞ்சம்தான். அதனால் அரசு மருத்துவமனைக்கும் போனோம். டாக்டரம்மா அவனை எடுத்த எடுப்பில் அளக்கவில்லை. "கண்ணு, ஒத்தக் கால்ல நில்லு பாப்போம்" என்றார். வலக்காலில் நான்கு நொடி நின்றான். இடக்காலில் ஒரு நொடிகூட நிற்காமல் மேசையைப் பிடித்தான். இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் நொண்டியடிப்பார்களாம். பென்சிலைக் கொடுத்ததும் கூட்டல் குறியைச் சரியாகப் போட்டான். விரல் வேலையில் குறையில்லை, உடம்பைத் தாங்குவதில்தான் தடுமாற்றம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10.2, 11 இருக்க வேண்டுமாம். "சோர்ந்த பிள்ளை ஓடி விளையாடாதும்மா, விளையாடாம கால் எப்படிப் பழகும்?" என்று கேட்டார். இரும்புச்சத்து மருந்தும் பூச்சி மருந்தும் கொடுத்தார். இரும்பு மருந்தைப் பாலோடு சேர்க்கக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லியனுப்பினார்; நான் அதுவரை பாலில்தான் எதையும் கலந்து கொடுப்பேன்.

தினமும் முட்டை, சத்துமாவு உருண்டை, முருங்கைக்கீரை. சாயங்காலம் வாசலில் பாண்டிக் கட்டம். முதல் மாதம் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டினான். எல்லாத் தாய்மாரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்: எண்ணைக் கேட்டு அழுவதற்கு முன் பிள்ளையின் முழங்காலையும் குதிகாலையும் குனிந்து பாருங்கள், மறுபடி அளக்கச் சொல்லத் தயங்காதீர்கள்.

ஆறு மாதத்தில் 99 செ.மீ. ஆகிவிட்டான். வலக்காலில் பாண்டி முழுவதும் தாண்டுகிறான். இடக்காலில் இன்னும் மூன்றாவது கட்டத்தில் கால் ஊன்றிவிடுகிறது.