மீட்டரில் 12.6, ஆனால் மின்விசிறி சுற்றவில்லை

வர்தா புயல் 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைப் புரட்டிப் போட்டபோது நான் இன்வெர்ட்டர் சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. கரண்ட் திரும்பிய பிறகும் அடிக்கடி போய்ப் போய் வந்துகொண்டிருந்த அந்த நாட்களில், கொளத்தூரில் ஒரு வீட்டுக்குப் போனேன். படுத்த படுக்கையாக இருந்த மனைவியை அந்த வீட்டுப் பெரியவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, கரண்ட் போனா ரெண்டு நிமிஷம்கூட ஃபேன் ஓட மாட்டேங்குது" என்றார்.

பேட்டரியைக் கழற்றி மீட்டரை வைத்தேன். 12.6 வோல்ட். ஆறு செல், செல்லுக்கு 2.1, கணக்கு சரியாக இருந்தது. பேட்டரி நல்லா இருக்கு ஐயா, இன்வெர்ட்டர் போர்டுதான் போயிருக்கும் என்று சொல்லி, போர்டை மாற்றி, அதற்குப் பணமும் வாங்கிக்கொண்டு வந்தேன். மறுநாளே போன் வந்தது. அதே இரண்டு நிமிடம்தான்.

இந்த முறை என்னோடு வந்த சீனியர் அண்ணன் மீட்டரைக் கையிலேயே எடுக்கவில்லை. பேட்டரியிலிருந்து நிறைய மின்னோட்டத்தை இழுத்துப் பார்க்கும் லோடு டெஸ்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் அழுத்தினார். டெஸ்டருக்குள் இருந்த நிக்ரோம் கம்பி சூடேறிக் காந்தல் வாடை வந்தது, முள் சரசரவென்று ஏழுக்குக் கீழே போனது. கையை எடுத்ததும் மெல்ல ஏறிப் பழையபடி பன்னிரண்டைத் தாண்டி நின்றது. "நீ பார்த்தது ஈஎம்எஃப்டா. வீட்டுக்கு வர்றது அது இல்ல" என்றார்.

டிப்ளமோவில் மின்னியக்கு விசை என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய அதே சொல். அப்போது விசை என்ற சொல்லைப் பார்த்து, ஏதோ பிடித்துத் தள்ளுகிற சங்கதி என்றே நினைத்திருந்தேன். 1800-இல் மின்கல அடுக்கைப் பற்றி உலகுக்குச் சொன்ன வோல்ட்டா காலத்துப் பெயர் அது, அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. உண்மையில் அது நியூட்டனில் அளக்கிற விசையே இல்லை. 12.6 வோல்ட் என்றால், பேட்டரி வழியாகப் போகிற ஒவ்வொரு கூலூம் (மின்னூட்டத்தின் அலகு) மின்னூட்டத்துக்கும் உள்ளே நடக்கும் வேதிவினை 12.6 ஜூல் ஆற்றல் கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்த ஆற்றல் முழுவதும் வெளியே வந்து சேர்கிறதா என்பது வேறு கேள்வி, ஏனென்றால் பேட்டரிக்குள்ளேயே ஒரு தடை இருக்கிறது, அகத்தடை, மின்னோட்டம் அதையும் கடந்துதான் வெளியே வர வேண்டும்.

போர் தண்ணீர் ஓடும் நம்ம ஊர் வீடுகளில் பழைய குழாயை அறுத்துப் பார்த்தால் உள்ளே உப்பு படிந்து விரல் நுழையாத ஓட்டைதான் மிஞ்சியிருக்கும். குழாயை மூடி வைத்திருக்கும்வரை மாடித் தொட்டியின் அழுத்தம் முழுசாக இருக்கும், திறந்தால் நூல் மாதிரி ஒழுகும். அந்த வீட்டுப் பேட்டரியின் தட்டுகளிலும் சல்ஃபேட் அப்படித்தான் படிந்து அகத்தடையை ஏற்றியிருந்தது.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நல்ல பேட்டரியின் அகத்தடை 0.01 ஓம் என்று வைத்துக்கொண்டால், விசிறியும் லைட்டும் 25 ஆம்பியர் இழுக்கும்போது கால் வோல்ட்தான் உள்ளேயே போகும். அதே தடை 0.1 ஓம் ஆகிவிட்டால் இரண்டரை வோல்ட் போய்விடும். மிச்சம் 10.1, பத்தரை வோல்ட் வாக்கில் நின்றுவிடுகிற இன்வெர்ட்டருக்கு அது போதாது. ஆனால் டிஜிட்டல் மீட்டரின் தடை பத்து மெகா ஓம். அது இழுப்பது ஒரு மைக்ரோ ஆம்பியர் சொச்சம். அவ்வளவு கொஞ்சமாகக் கேட்டால் இப்படி அகத்தடை ஏறிய கிழட்டுப் பேட்டரியும் 12.6 என்றுதான் சொல்லும். மீட்டர் பொய் சொல்லவில்லை, நான்தான் ஒன்றுமே இழுக்காமல் அளந்துவிட்டு, அந்த எண்ணை நம்பி அந்த அம்மாவை இன்னொரு ராத்திரி புழுக்கத்தில் படுக்க வைத்தேன். இன்னும் அது உறுத்துகிறது.

புதுப் பேட்டரி மாட்டப் போனபோது பழைய போர்டையே திரும்பப் பொருத்திவிட்டு, போர்டுக்கு வாங்கிய பணத்தைக் கழித்துக்கொண்டோம். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, மோர் கொடுத்தார். அதன் பிறகு என் ஜாப் கார்டில் வோல்ட் என்ற கட்டத்துக்குள் நடுவில் ஒரு கோடு கிழித்து இரண்டு எண் எழுதுகிறேன்: லோடு இல்லாமல் எவ்வளவு, லோடில் எவ்வளவு.