சொட்டுநீர் மானியம்: பாதி வேலை பட்டாவில்தான்

எங்கள் போர்த் தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. வாய்க்காலில் விட்டால் கடைசி மஞ்சள் பாத்தி நனைவதற்குள் மோட்டார் காற்று இழுத்துவிடும். அதனால்தான் சொட்டுநீருக்கு மாறினோம். ‘துளி நீரில் அதிக பயிர்’ திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு ஒன்றிய அரசு வகுத்த மானியம் 55 சதவீதம்தான். தமிழ்நாடு அரசு மீதியையும் சேர்த்து, 5 ஏக்கர் வரை 100 சதவீதமாகத் தருகிறது. மற்ற விவசாயிகளுக்கு 75 சதவீதம்.

மானியம் வாங்குவது கஷ்டம் என்று ஊரில் சொல்வார்கள். என் அனுபவத்தில், பட்டாவைச் சரிசெய்வதுதான் கஷ்டம். எங்கள் நிலம் அப்பா பெயரிலேயே இருந்தது. அவர் காலமாகிப் பல வருஷம் ஆகியும் அண்ணனும் தங்கையும் நானும் அதைத் தொடவே இல்லை; எங்களுக்குள் தகராறு ஏதும் இல்லாததால் தேவை வரவில்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம், சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு, அதற்கப்புறம் தனிப்பட்டா என்று பெரும்பகுதி நாள் இதிலேயே போனது. தங்கை வெளியூரிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவள் மனசு வைத்திருக்காவிட்டால் இது நடந்திருக்காது.

தனிப்பட்டா கைக்கு வந்ததும் மற்றதெல்லாம் வேகமாக நகர்ந்தது. சிறு, குறு விவசாயி சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். விஏஓ, ஆர்ஐ பார்த்து தாசில்தார் ஒப்புதல் தருகிறார். சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாவற்றையும் தோட்டக்கலை அலுவலகத்தில் கொடுத்து, மிமிஸ் (MIMIS) என்கிற நுண்ணீர்ப் பாசன இணையதளத்தில் பதிவு செய்தோம். ஆதாரில் இருக்கும் பெயரும் பட்டாவில் இருக்கும் பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். கரும்பு, நிலக்கடலை போன்ற பயிர் என்றால் வேளாண்மைத் துறைக்குப் போக வேண்டும்.

கம்பெனியை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். அரசு அங்கீகரித்த பட்டியலில் யாரை வேண்டுமானாலும் சொல்லலாம். முகவர் வந்து அவசரப்படுத்தினாலும், ஏற்கெனவே சொட்டுநீர் போட்ட நாலு பேரிடம் ‘அடைப்பு என்று கூப்பிட்டால் வருகிறார்களா?’ என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். நான் அதைத்தான் செய்தேன்.

அப்புறம் நிலத்தை வந்து பார்த்து, இடக்குறியீட்டோடு போட்டோ எடுத்து, வரைபடம் போட்டு, பணி ஆணை கொடுத்தார்கள். மானியப் பணம் நம் கைக்கு வராது, நேராகக் கம்பெனிக்குப் போகும். சும்மா கிடைப்பதுதானே என்று பலர் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. அது எனக்கு ஒப்பாது. நமக்காக ஒதுக்கிய பொதுப்பணம் அது. பணி ஆணையில் இருக்கும் லேட்டரல் (பயிர் வரிசையோடு ஓடும் மெல்லிய குழாய்) நீளம், அதற்குத் தண்ணீர் பிரித்துவிடும் சப்மெயின் குழாய், ஃபில்டர், உரம் கலந்துவிடும் வெஞ்சுரி, வால்வு ஒவ்வொன்றையும் இறங்கிய லோடோடு ஒப்பிட்டேன். லேட்டரல் குறைவாக வந்திருந்தது. எழுதிக் கொடுத்ததும் மீதியைக் கொண்டுவந்து போட்டார்கள். ஐஎஸ்ஐ முத்திரையையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. கடைசி ஆய்வுக்கு அதிகாரி வரும்போது மோட்டாரைப் போட்டு, வரிசையின் கடைக்கோடி டிரிப்பர் வரை சொட்டுகிறது என்று காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். பள்ளம் தோண்டிய கூலி மட்டும் எங்கள் கைக்காசு.

இதோடு துணை நீர் மேலாண்மைப் பணிகள் என்று தனி உதவி இருக்கிறது. மின்மோட்டாருக்கு 15,000 ரூபாய் வரை, பைப்லைனுக்கு ஹெக்டேருக்கு 10,000 ரூபாய் வரை என்று எங்களுக்குச் சொன்னார்கள். சொட்டுநீருக்குப் பதிவு செய்யும்போதே இதையும் கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒரே நிலத்துக்கு மறுபடியும் சொட்டுநீர் மானியம் கேட்க 7 வருஷம் ஆக வேண்டும். பணி ஆணையையும் பில்லையும் அதுவரை பத்திரமாக வையுங்கள்.