மானம் கப்பலேறிய கதை

"மானம் கப்பலேறிப் போச்சு" என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மானம் ஏன் பஸ்ஸோ ரயிலோ ஏறாமல் கப்பலையே பிடிக்கிறது என்று யோசித்ததில்லை. நண்பர்கள் நான்கு பேரும் ஏழு ராத்திரி சொகுசுக் கப்பலில் போய்வந்த பிறகு எனக்கு அதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆறு வருடமாகப் பேசிப் பேசியே ஓட்டிய திட்டம் இது. கடைசியில் ஒருவன் பொறுப்பெடுத்து டிக்கெட் போட்டான். அவனுக்கு அன்றே மாலுமி என்று பெயர் வைத்துவிட்டோம். அதற்கு முன் அவன் ஏறிய ஒரே கப்பல் ஏரியில் காலால் மிதிக்கும் வாத்துப் படகு. இன்னொருவன் வாத்தியார், எதைக் கேட்டாலும் விளக்குவான், கேட்காவிட்டாலும் விளக்குவான். மூன்றாமவன் கணக்கு. செலவு, நேரம், யார் எத்தனை தட்டு சாப்பிட்டார்கள் என்பதுவரை குறித்துவைப்பவன்.

"கப்பலோட முன்பக்கம் கேபின் எடுத்திருக்கேன்டா. அலையைக் கிழிச்சுக்கிட்டுப் போறதை அப்படியே பார்க்கலாம்" என்றான் மாலுமி. போய்க் கதவைத் திறந்தால் ஜன்னலே இல்லை. உள் கேபின். ஆளுக்கொரு கட்டில், நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நகரும் அளவுக்கு இடம். அலையைப் பார்க்க வழியில்லாமலும் இல்லை. டிவியில் ஒரு சேனல் கப்பலின் மூக்கில் மாட்டிய கேமராவை நாள் முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தது. "பார்த்தியா, சொன்னேன்ல?" என்றான். இரண்டு பேருக்கு ஒரு கேபின். மாலுமியின் குறட்டை ஊரறிந்தது என்பதால் சீட்டுக் குலுக்கினோம். என் பெயர் வந்தது. எனக்குத் தெரிந்து மூன்று சீட்டிலும் என் பெயர்தான் இருந்திருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன் அபாய ஒத்திகை. ஏழு குட்டைச் சங்கு, ஒரு நீளச் சங்கு ஊதினால் அவரவர் கூடும் இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். "இதுக்கெல்லாம் யாருடா போவாங்க, சாப்பாட்டுக் கூடம் காலியா இருக்கு" என்று நழுவப் பார்த்த மாலுமியை வாத்தியார் பிடித்துக்கொண்டான். 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதியபோது, அன்றுதான் ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லையாம். 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. 2015-லிருந்து கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும். இதை அவன் சொல்லி முடிப்பதற்குள் ஒத்திகையே முடிந்துவிட்டது. உயிர்காக்கும் அங்கியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு நின்ற ஒரே ஆள் வாத்தியார்தான்.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. கப்பல் நகர்வதே தெரியவில்லை. மாலுமி மேல்தளத்தில் இடுப்பில் கைவைத்து நின்று, "இது கப்பலே இல்லைடா, கட்டடம்" என்றான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மாடிப்படிப் பக்கம் போனபோது கைப்பிடிக் கம்பிகளில் சின்னச் சின்னக் காகிதப் பைகளை ஊழியர்கள் வரிசையாகச் செருகிக்கொண்டிருந்தார்கள். "குப்பை போடறதுக்கா? சுத்தம்னா இதுதான்டா சுத்தம்" என்று மாலுமி மெச்சினான். அரை மணி கழித்து ஒலிபெருக்கியில் கேப்டன் வந்து, இன்றிரவு கொஞ்சம் அசைவு இருக்கலாம் என்றார். கப்பல் கேப்டன் அகராதியில் 'கொஞ்சம்' என்பதற்கு வேறு பொருள்.

ராத்திரி பதினொன்றுக்குத் தொடங்கியது. ஹேங்கரில் தொங்கிய சட்டைகள் ஒரே சீராக இடமும் வலமும் ஆடின. அலமாரி முனகியது. மாலுமி கன்னத்தில் கை வைத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். "கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்துல கை வைக்கக் கூடாதுடா" என்றேன். அவன் கையை எடுத்து வாயை மூடிக்கொண்டு குளியலறைக்கு ஓடினான். கப்பல் கழிவறை காற்றால் உறிஞ்சும் வகை. பொத்தானை அழுத்தினால் ஏதோ மிருகம் உறுமி ஒரே மடக்கில் விழுங்குவதுபோல் சத்தம் வரும். அன்று ராத்திரி அந்த மிருகம் பதினான்கு தடவை உறுமியது. எண்ணிக்கை உபயம், பக்கத்துக் கேபினிலிருந்த கணக்கு.

காலையில் வாத்தியார் வந்து வகுப்பெடுத்தான். கப்பலின் அடிவயிற்றில் இரண்டு பக்கமும் மீன் துடுப்பு மாதிரி இறக்கைகள் உண்டாம். அவை பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் குறைக்கும். மூக்கு ஏறி இறங்குவதை ஒன்றும் செய்ய முடியாது. "ஏற்றப்பலகை மாதிரிடா. நடுவுல உட்கார்ந்தவனுக்கு ஒண்ணும் ஆகாது, நுனியில உட்கார்ந்தவன்தான் பறப்பான். முன்பக்கக் கேபின் யார் எடுத்தது?" மாலுமி போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். போதாக்குறைக்கு ஜன்னலில்லாத அறை. ஆடுகிறோம் என்கிறது உள்காது, சுவர் அசையவில்லையே என்கிறது கண். இந்த வழக்கில் தீர்ப்பு வழங்குவது வயிறு.

அறையைக் கவனித்துக்கொண்ட ஊழியர் எதுவும் கேட்காமலே பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். அந்த முகத்தில் துளி ஆச்சரியம் இல்லை. வாத்தியார் தன் பங்குக்கு ஆறுதல் சொன்னான். "டார்வினே பீகிள் கப்பல்ல 1831-லேருந்து 1836 வரைக்கும் வாந்தியும் மயக்கமுமாத்தான் உலகத்தைச் சுற்றினார்."

"அவர் எதையோ கண்டுபிடிச்சாருல்ல. நான் என்னத்தைக் கண்டுபிடிச்சேன்?" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"விளக்கு போடாமலே பாத்ரூமுக்குப் போற வழியை" என்றான் கணக்கு.

மறுநாள் கடல் அடங்கியது. ஜன்னலில்லாத அறைக்கு ஒரு குணம் உண்டு. விளக்கை அணைத்தால் நடு மத்தியானமும் நள்ளிரவுதான். பகல் முழுக்கத் தூங்கித் தெளிந்த மாலுமி, விடிந்துவிட்டது என்று என்னை எழுப்பி, குளித்து, சட்டையை இஸ்திரி மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு காலை உணவுக்குக் கூட்டிப்போனான். கூடம் இருட்டாகக் கிடந்தது. தரை துடைத்துக்கொண்டிருந்தவர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். மணி நாலேகால்.

சரி, எழுந்தது எழுந்தாயிற்று என்று மேல்தளத்துக்குப் போனோம். இயந்திரத்தில் தேநீர் பிடித்துக்கொண்டு கம்பி ஓரம் நின்றோம். தூரத்தில் துறைமுக விளக்குகள். அப்போது இருட்டுக்குள்ளிருந்து ஒரு குட்டிப் படகு வந்து கப்பலின் விலாவோடு ஒட்டிக்கொண்டது. இரண்டும் நிற்கவில்லை, ஓடிக்கொண்டேயிருந்தன. தண்ணீருக்குச் சற்று மேலே கப்பலின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு திறந்து, வெளிச்சம் ஒரு கட்டமாகக் கடலில் விழுந்தது. கயிற்று ஏணி ஒன்று தொங்கியது. படகு அலையில் உயரும் நொடிக்காகக் காத்திருந்த ஒருவர் சட்டென்று ஏணியைப் பிடித்து, நாலைந்து படியில் ஏறி உள்ளே மறைந்தார். அந்தத் துறைமுகத்தின் பைலட். ஊர்த் தண்ணீரின் ஆழமும் மேடும் தெரிந்த அவர் வந்து வழிசொன்னால்தான் இவ்வளவு பெரிய கப்பல் உள்ளே போகும். மாலுமி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்தாளுக்கு வாந்தி வருமாடா?" என்றான். எனக்கு அந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த அரை மணி நேரம் அதுதான்.

அன்றைக்கே ஓட்டப்பந்தயமும் நடந்தது. நடுக்கடலில் செல்போன் தானாகச் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக் காசைக் கரைத்துவிடும் என்பதால் எல்லோரும் விமான முறையில் வைத்திருந்தோம். கரையில் இறங்கியதும் கணக்கு மட்டும் தன் போனுக்கு உயிர் கொடுத்தான். நேரம் பார்ப்பது அவன் பொறுப்பு. நாலரைக்குள் கப்பலேற வேண்டும், ஐந்துக்குக் கிளம்பும். கடற்கரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது மாலுமி தன் பழைய கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மணி நாலு இருபதுடா" என்றான். "உன் கடிகாரத்தை மியூசியத்துல வை. மூணு இருபது" என்றான் கணக்கு. வாத்தியார் முகம் மெல்ல வெளுத்தது. போன் உள்ளூர் நேரத்துக்கு மாறிவிட்டது. கப்பலோ கப்பல் நேரத்தில்தான் இருக்கும்.

ஓடினோம். கல்லூரியில் கூட அப்படி ஓடியதில்லை. ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையில் ஈரத்துண்டு. கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. நேரத்துக்கு வராதவர்களின் பாஸ்போர்ட்டைக் கரையிலிருக்கும் ஏஜென்ட் கையில் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டேயிருக்கும். துறைமுக மேடையில் நாங்கள் தென்பட்டதும் பால்கனி பால்கனியாக ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. விசில் வேறு. இப்படித் தாமதமாக ஓடிவருபவர்களை வேடிக்கை பார்ப்பது கப்பல் பயணிகளுக்கு ஒரு கலை நிகழ்ச்சி என்று பிறகு தெரிந்தது. வாத்தியார் பாதியில் நின்று கையசைக்க, கணக்கு அவனைப் பிடரியில் தள்ளினான். அதன் பிறகு நேரம் பார்க்கும் இலாகா மாலுமிக்கு மாற்றப்பட்டது.

இதுவரை மானம் போனது மற்றவர்களுக்கு. என் முறை கடைசி ராத்திரி வந்தது. பெரிய பெட்டிகளை நள்ளிரவுக்குள் கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும், ஊழியர்கள் எடுத்துப் போய்க் கரையில் அடுக்குவார்கள். எனக்கு எதிலும் முன்கூட்டியே முடிக்கும் பழக்கம். பத்து மணிக்கே எல்லாவற்றையும் மடித்து வைத்து, பூட்டி, வெளியே தள்ளிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் உடம்பில் ஒரு பனியனும், மஞ்சள் வாத்துகள் நீந்தும் அரைக்கால் டவுசரும். மற்றது எல்லாம் கப்பலின் வயிற்றுக்குள்.

கணக்கின் பேன்ட் தொடைக்கு மேல் ஏறவில்லை. வாத்தியாரிடம் உபரி இல்லை, ஆலோசனை மட்டும் இருந்தது. மாலுமி தன் கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அது எனக்கு நாலு அங்குலம் பெரிது, பெல்ட்டோ பெட்டிக்குள். இடது கையால் இடுப்பைப் பிடித்தபடி, வலது கையால் பையை இழுத்தபடி, பாஸ்போர்ட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு வரிசையில் நகர்ந்தேன்.

குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டை வாங்கி, ஈரத்தைத் துடைத்து, என்னை ஒரு முறை பார்த்தார். கைரேகைக் கண்ணாடியைக் காட்டினார்.

"இரண்டு கையையும் வையுங்க."

நான் தயங்கினேன். அவர் மறுபடி சொன்னார், இந்தத் தடவை சத்தமாக. பின்னால் நின்ற மாலுமி மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்து, ஒரு வார்த்தை பேசாமல், என் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

கணக்கு போனை வெளியே எடுத்தான். சுவரில் 'இங்கே படம் எடுக்கக் கூடாது' என்று பெரிதாக எழுதியிருந்தது. அந்தப் பலகையை மாட்டிய மகராசன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.