ஓகஸ்ட் விடுமுறையும் வெளிநாட்டுக் கோடையும்

கொழும்பில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. ஏப்ரலில் வியர்த்துக் கொட்டும், ஓகஸ்டில் கொஞ்சம் குறைவாக வியர்க்கும், அவ்வளவுதான். ஆனாலும் ஓகஸ்ட் பிறந்தால் கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் கோடை வந்துவிடும். ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் விமானம் ஏறி வருகிற கோடை அது. அங்கே பள்ளிக்கூடம் மூடியிருக்கும், இங்கே எங்கள் இரண்டாம் தவணை முடியும். இரண்டு விடுமுறையும் சந்திக்கிற அந்தச் சில நாட்களுக்குள் கல்யாணம், முதல் நன்மை, பொன்விழா, பழைய மாணவர் ஒன்றுகூடல், மடு மாதா திருவிழா என்று எல்லாவற்றையும் அடைத்துவிடுவார்கள். "மிஸ்ஸுக்கு லீவுதானே" என்ற வசனம் எல்லா அழைப்பிதழோடும் சேர்ந்து வரும்.

கொழும்பு வடக்கில் ஒரு கிறிஸ்தவப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். நான் வேலைக்கு வந்த காலத்தில் ஓகஸ்ட் விடுமுறை பெயருக்குத்தான் இருந்தது. உயர்தரப் பரீட்சை அந்த மாதத்தில்தான் நடக்கும். பிள்ளைகளுக்கு லீவு, எங்களில் பாதிப் பேர் பரீட்சை மண்டபத்தில் மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருப்போம். கொரோனாவோடு அது குழம்பியது. 2020ஆம் ஆண்டுப் பரீட்சை ஒக்டோபருக்குப் போனது, 2021க்கு உரியது 2022 பெப்ரவரியில் நடந்தது, 2024இல் நவம்பர் கடைசியில் தொடங்கி டிசெம்பரில் முடிந்தது. ஓகஸ்ட் எங்கள் கைக்கு வந்ததே என்று சந்தோஷப்பட்டால், தவறிப்போன பாடநாட்களை ஈடுசெய்ய விடுமுறையையே கத்தரித்துவிட்டார்கள். முன்பு ஒரு மாதம் அளவில் இருந்தது, இப்போது பெட்டியைத் திறந்து மூடுவதற்குள் முடிந்துவிடுகிறது.

தவணையின் கடைசி வாரம் தேர்ச்சி அறிக்கையோடு போகும். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாப் பாடசாலையிலும் ஒரே பாடுதான். எங்கள் ஆசிரியர் அறையில் புதிதாக இருப்பது வெறும் கதிரைகள். 2022இல் நாடு முடங்கிக் கிடந்தபோது, அரச ஊழியர்கள் வெளிநாட்டில் வேலை பார்க்க ஐந்து ஆண்டு வரை சம்பளமற்ற விடுமுறை எடுக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. எங்கள் கணித ஆசிரியர் அதில் போனார். ஆங்கிலம் படிப்பித்தவர் சுற்றறிக்கைக்கெல்லாம் காத்திருக்கவில்லை, கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர்களுடைய கதிரைகளில் இப்போது திருத்தாத கொப்பிகள் அடுக்கிக் கிடக்கின்றன. போனவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வருடம் பாணுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற எவருக்கும் கோபம் வராது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இன்னும் அங்கேயேதானா?" பழைய மாணவி கேட்டால், "மிஸ், நீங்க இன்னும் அதே ஸ்கூல்லயா?" ரொறன்ரோ அத்தான் கேட்டால், "நீர் இன்னும் உந்தப் பள்ளிக்கூடத்திலேதானோ?" பாசமாகத்தான் கேட்கிறார்கள். சிலர் குரலில் ஆச்சரியம் இருக்கும், சிலர் குரலில் கொஞ்சம் அனுதாபம். "ஓம்" என்று சொல்லிவிட்டு ரீயை ஊற்றுவேன்.

இந்த முறை அக்கா குடும்பம் வந்தது. கட்டுநாயக்கவில் இறங்கினால் அவர்களுடைய முதல் வேலை கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துத்தான் போக வேண்டும் என்பது அக்காவின் சட்டம், ஏனென்றால் செவ்வாய் அந்தோனியாருடைய நாள். வெற்றிலைக் கடைக்காரர், புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை, சேலை உடுத்த இந்துப் பெண்மணி, சிங்களத் தாய் ஒருத்தி, எல்லோரும் ஒரே வரிசையில் மெழுகுதிரியோடு நிற்பார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் குண்டு வெடித்த கோயில் இது. அதே நாளில் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் வெடித்தது. இரண்டாம் தவணை பிந்தித்தான் தொடங்கியது. இடாப்பு கூப்பிடும்போது பதில் வராத பெயரைத் தாண்டிப் போவது எப்படி என்று எந்தக் கல்வியியற் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு விருப்பமில்லை. அக்காவின் மகள் சுவரிலிருந்த பெயர்களை வாசித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும், ஆறுதலாக வாசித்தாள். நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

அப்புறம் வத்தளையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை லண்டன், மண்டபம் லண்டன் காசு, புரியாணி மட்டும் நம்மூர். பழைய மாணவிகள் மூன்று மேசை நிறைய இருந்தார்கள். ஆசிரியர் தொழிலில் இது ஒரு சங்கடம்: அவர்களுக்கு நான் ஒரு ஆள், எனக்கு அவர்கள் நூற்றுக்கணக்கில். முகம் ஞாபகம் வரும், எழுத்து ஞாபகம் வரும், பெயர் மட்டும் வராது. "எப்படியம்மா இருக்கிறீர்?" என்று பொதுவாகத் தொடங்கினால், அவர்களே பேச்சில் ஏதாவது துப்புக் கொடுத்துவிடுவார்கள்.

மடுவுக்கு வான் பிடித்துப் போனோம். புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, அங்கிருந்து மன்னார் வீதியில் மடுச் சந்தி. அம்மா வழி முழுக்கச் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார், நடுவில் சாரதி முந்திப் போகும்போது மட்டும் நிறுத்தி அவரை ஏசினார். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்திய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தார்கள் என்பதுதான் இந்த இடத்தின் தொடக்கம். 1924இல் மாதாவுக்கு முடி சூட்டினார்கள். போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கான சனம் இந்த வளவுக்குள்தான் தஞ்சம் புகுந்து கிடந்தது. 1999 நவம்பரில் கோயிலுக்குள்ளேயே எறிகணை விழுந்து அகதியாக இருந்தவர்கள் செத்தார்கள். 2008இல் சண்டை நெருங்கியபோது சுரூபமே திரும்பவும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போய், சில மாதங்களில் திரும்பி வந்தது. ஓடிப் பழகிய மாதா, அதனால் எங்களைப் புரியும் என்பார் அம்மா.

மரங்களுக்குக் கீழே தறப்பாள் கட்டி அடுப்பு மூட்டினோம். எங்களுக்குப் பக்கத்துத் தறப்பாள் மாரவிலையிலிருந்து வந்த சிங்களக் குடும்பம். இரவு நாங்கள் கொடுத்த பிட்டுக்கு அவர்கள் அம்புல் தியல் மீன் கொடுத்தார்கள். அந்த வீட்டு அம்மாவும் ஆசிரியர் என்று தெரிந்ததும் கதை வேறு பக்கம் போய்விட்டது. என் அரைகுறைச் சிங்களமும் அவருடைய அரைகுறைத் தமிழும் போதுமானதாக இருந்தன, ஏனென்றால் பேசியது சம்பளத்தைப் பற்றி. 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி ஆசிரியர்கள் ஒன்லைன் வகுப்பை நிறுத்தினோமே, ஒக்டோபர் வரைக்கும் இழுத்ததே, அந்த மாதங்களில் அவர் கணவர் என்ன சொன்னார், என் கணவர் என்ன சொன்னார், பெற்றோர் வாட்ஸ்அப்பில் எங்களை என்ன ஏசினார்கள் என்பது வரை வந்தது. அவருடைய பாடசாலையிலும் விஞ்ஞான ஆசிரியர் இத்தாலிக்குப் போய்விட்டாராம். மாரவில, வென்னப்புவ பக்கம் எல்லாம் இத்தாலிதானே. அவர்களுக்கும் ஓகஸ்டில் இத்தாலிக்காரர் வருகிறார்கள். அவரையும் "இன்னும் அந்தப் பள்ளிக்கூடம்தானா" என்று சிங்களத்தில் கேட்கிறார்களாம். இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்ததில் வேஸ்பர் என்கிற மாலை வழிபாடு முடிந்து படுத்திருந்த அம்மா எழும்பிவிட்டார்.

15ஆம் திகதி காலைத் திருப்பலி தமிழிலும் சிங்களத்திலும் நடந்தது. பவனியில் புழுதி, வெயில், தோளில் குழந்தைகள். ரொறன்ரோப் பிள்ளைகள் முதல் நாள் குளிக்கத் தண்ணீருக்கு வரிசையா என்று முகம் சுளித்தவர்கள், மறுநாள் மாரவிலப் பிள்ளைகளோடு சேர்ந்து குரங்கைத் துரத்திக்கொண்டு திரிந்தார்கள். திரும்பும்போது அம்மா வழக்கம்போல மடு மண் எடுத்தார். வீட்டில் இருந்தால் பாம்பு அண்டாது என்பது நம்பிக்கை. ஜம்பட்டா வீதியில் மூன்றாம் மாடிக்குப் பாம்பு எங்கிருந்து வரப்போகிறது என்று கேட்கக்கூடாது. அக்காவுக்கும் ஒரு பொட்டலம் கட்டினார். கனடாச் சுங்கத்தில் மண் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று அத்தான் சொன்னதற்கு, "மாதான்ர மண்ணையுமோ?" என்று கேட்டுவிட்டு, வவுனியாக்காரர் கடையில் ரீ குடிக்க நிறுத்தும்வரை அவரோடு பேசவில்லை.

விடுமுறையின் மிச்சத்தில் எனக்கென்று நான் வைத்திருந்தது பத்தனை ஒன்றுகூடல் மட்டும்தான். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில்தான் நான் பயிற்சி பெற்றேன். ஜேர்மன் உதவியோடு, மலையகப் பாடசாலைகளை மனதில் வைத்து அமைத்த கல்லூரி. தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்ததே 1970களில்தான், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அங்கே வர இன்னும் காலம் எடுத்தது. விடுதியில் இருந்து படித்து, பிறகு ஒரு வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. கொழும்புப் பிள்ளையான நான் அங்கேதான் முதன்முதலில் இரண்டு போர்வைக்குள் படுத்தேன். எங்கள் அணியில் அதிபர், ஆசிரிய ஆலோசகர் என்று ஆனவர்கள் இருக்கிறார்கள், தோகாவில் கணக்காளராக இருப்பவரும் இருக்கிறார்.

ஹட்டன் பஸ்ஸில் கித்துல்கல தாண்டியதும் குளிர் பிடித்தது. கொட்டகலையில் ஒரு மண்டபத்தில் கூடினோம். சாப்பிட்ட பிறகு சிலர் வானில் சென் கிளேயர் நீர்வீழ்ச்சி பார்க்கப் போனோம். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்த பிறகு அதில் தண்ணீர் திறந்துவிடுகிற நேரத்துக்குத்தான் விழும். நாங்கள் படித்த காலத்தில் அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

அங்கேதான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் அதிபராக இருக்கும் தோழியோடு தனியாகப் பேசக் கிடைத்தது. வெளிநாட்டுக்காரர் புராணத்தை நான் பாடி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "எங்களுக்கு ஓகஸ்டுல யாரும் வர்றதில்லடி. எங்க புள்ளைங்க எல்லாம் ஒங்க கொழும்புலதான இருக்கு. தீவாளிக்குத்தான் வருவாங்க." புறக்கோட்டைக் கடைகளில், தெஹிவளை வீடுகளில், ஹோட்டல் சமையலறைகளில். தீபாவளிக்கு முதல் நாள் இரவு ஹட்டன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, தோட்டத்தில் நாலு நாள் புதுச் சட்டையோடு திரிந்துவிட்டுப் போவார்கள். போகும்போது அவளிடமும் கேட்பார்கள், "டீச்சர், நீங்க இன்னும் இங்கதானா?"

நான் இருக்கிற இடம்தான் அவளுடைய பிள்ளைகளுக்கு ரொறன்ரோ என்று எனக்கு இத்தனை காலம் தோன்றியதே இல்லை. கொழும்பை விட்டு ஆட்கள் போகிறார்கள் என்றே யோசித்துப் பழகிவிட்டேன். கெய்சர் வீதியில் ஒரு துணிக்கடையில் நிற்கும் பையனின் பெயரைச் சொல்லி, போனால் பார் என்றாள். தவணை தொடங்க முன்னர் பலகைப் பேனா வாங்கப் புறக்கோட்டைக்குப் போனபோது பார்த்தேன். துணிக்கட்டை இறக்கி வைத்துவிட்டு வந்து, "டீச்சருக்கு அந்தத் தலவலி இப்பவும் வருதா?" என்று கேட்டான். அவளோடு ஒரு நாள் முழுக்க இருந்த நான் அதைக் கேட்கவில்லை. வந்து தொலைபேசியில் கேட்டேன். வருகிறதாம்.

பொன்விழாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் முன்னாள் அதிபர், அருட்சகோதரி, துறவற வார்த்தைப்பாடு கொடுத்து 50 ஆண்டுகள். பூசை, கேக், மலர்மாலை, கடல்கடந்த பழைய மாணவிகள். ஆறாம் வகுப்புக்கு ஸ்மார்ட் போர்ட் அன்பளிப்பு என்று மேடையில் அறிவித்தபோது நல்ல கைதட்டல். ஏற்கெனவே ஒன்று உறையோடு நிற்கிறது. சிஸ்டர் என் பக்கம் குனிந்து, "அதைத் தொட்டுப் படிப்பிக்க ஆள் இருக்கா மகள்?" என்று கேட்டார். பொருள் கொடுப்பது லேசு, ஆள் கொடுப்பது கஷ்டம் என்பது அவருக்குத் தெரியும். கொடுக்கிறவர்களின் மனதையும் குறைசொல்ல முடியாது. கனடாவில் இருந்துகொண்டு கொட்டாஞ்சேனைக்கு ஒரு கணித ஆசிரியரை எப்படி அனுப்புவது?

மூன்றாம் தவணை முதல் நாளே நேரசூசி மாறியிருந்தது. இன்னொருவர் போய்விட்டார், அவருடைய எட்டாம் வகுப்பு எனக்கு. புது வகுப்பு, பிள்ளைகளின் எழுத்தைப் பார்க்க வேண்டும், அதனால் அந்தப் பழைய கட்டுரையையே கொடுத்தேன்: விடுமுறையை நான் கழித்த விதம். பாதிப் பேர் கட்டுநாயக்க விமான நிலையத்தில் தொடங்கினார்கள். மாமா, பெரியம்மா, சொக்லேட், மடு. ஒரு பையன் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். "மிஸ், எங்க வீட்டுக்கு யாரும் வரல. என்ன எழுத?"

யாருடைய வீட்டுக்கு ஆட்கள் வந்தார்களோ அவர்களைப் பற்றி எழுது என்றேன்.

மேல்மாடிக்கு சுவிஸிலிருந்து வந்தவர்களின் ஏழு பெட்டிகளை, லிஃப்ட் வேலை செய்யாததால், தானும் அண்ணனும் தூக்கியதை எழுதினான். எந்தப் பெட்டி என்ன பாரம், எந்தப் பெட்டிக்குச் சில்லு உடைந்திருந்தது, திரும்பிப் போகும்போது எது பாரம் கூடியிருந்தது, அதற்குள் மிளகாய்த்தூள் மணத்தது என்பது வரை. வகுப்பிலேயே நல்ல கட்டுரை அதுதான். பதினைந்துக்குப் பன்னிரண்டு போட்டேன். மூன்று புள்ளி ஒற்றுப்பிழைக்குப் போய்விட்டது.